தீயும் மீனும்: ஐஸ்லாந்தின் 1973

"ஏதாவது ஒரு நார்டிக் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் ஆண்டில் அங்கே நடந்த முக்கியமான நிகழ்வுகளைச் சொல்லுங்கள். அந்த ஆண்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

நார்வேக்கு 1905 உண்டு, ஸ்வீடனிடமிருந்து பிரிந்த ஆண்டு. பின்லாந்துக்கு 1918 உண்டு, அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட உள்நாட்டுப் போரின் ஆண்டு. நான் ஐஸ்லாந்தின் 1973-ஐத்தான் எடுப்பேன். அந்த ஆண்டில் அந்த நாட்டு மக்கள் ஒரு பக்கம் எரிமலையோடும் இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் கடற்படையோடும் மல்லுக்கு நின்றார்கள். வரலாற்று நூல்கள் இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக வைக்கின்றன. என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். இரண்டு சண்டையும் மீனுக்காக நடந்தவை.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அப்போது இரண்டு லட்சத்துச் சொச்சம். நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்தின் அளவுதான். விளைநிலம் குறைவு, காடு கிடையாது, கனிமம் கிடையாது. ஏற்றுமதி வருமானத்தில் முக்கால் பங்கு அளவுக்கு மீனிலிருந்துதான் வந்தது. கோதுமை, மருந்து, எண்ணெய், மரம் என்று வெளியிலிருந்து வாங்க வேண்டிய எல்லாவற்றுக்கும் அந்தக் காசுதான் ஆதாரம். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அந்த ஆண்டில் அவர்கள் காட்டிய பிடிவாதம் புரியும்.

நாட்டின் தென்கரை முழுக்கக் கறுப்பு மணல். கப்பல் ஒதுங்க இயற்கையான துறைமுகம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கரைக்கு எதிரே, கடலுக்குள் இருப்பவை வெஸ்ட்மன்னா தீவுகள். பதினைந்து சொச்சம் தீவுகளில் மனிதர் வாழ்வது ஹெய்மாய் என்ற ஒன்றில் மட்டும். 1973-இல் அங்கே ஏறத்தாழ 5,300 பேர் இருந்தார்கள். சுற்றிலும் செழிப்பான மீன்பிடிப் பரப்பு, தீவின் வடபுறம் செங்குத்தான பாறைகளுக்குப் பின்னால் ஒரு நல்ல துறைமுகம். நாட்டின் மிக முக்கியமான மீன்பிடி ஊர் அதுதான்.

ஜனவரி 22-ஆம் தேதி கடும் புயல். படகுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை, மொத்தமும் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. முந்தைய நாளிலிருந்தே சிறு நில அதிர்வுகள் ஐஸ்லாந்தின் பெருநிலத்தில் இருந்த கருவிகளில் பதிவாகிக்கொண்டிருந்தன. மையம் எங்கே என்று உறுதியாகக் கணிக்க முடியவில்லை. தீவில் இருந்த யாருக்கும் அது உறைக்கவும் இல்லை. தீவில் ஹெல்காஃபெல் என்றொரு பழைய எரிமலை உண்டு. அது அடங்கி ஐயாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன.

23-ஆம் தேதி அதிகாலை 1.55 மணி. ஊரின் கிழக்கு ஓரத்தில், ஊர் நடுவிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், புல்வெளி பிளந்தது. பிளவு சீக்கிரமே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை போனது. அந்த நீளம் முழுக்க நெருப்பு ஊற்றுகள், திரைச்சீலை தொங்கவிட்டது போல. தீயணைப்பு வண்டிகள் சங்கு ஊதிக்கொண்டு தெருத்தெருவாகப் போயின. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, ஜனங்கள் துறைமுகத்துக்கு நடந்தார்கள். புயலால் கடலுக்குப் போகாத படகுகள் அத்தனையும் அங்கே காத்திருந்தன. வானிலை கொஞ்சம் முன்னதாகவே தெளிந்து படகுகள் மீன் பிடிக்கப் போயிருந்தால் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நான்கு மணி நேரக் கடற்பயணத்தில் தோர்லாக்ஸ்ஹோப்ன் என்ற கரையூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதியவர்களையும் மருத்துவமனை நோயாளிகளையும் விமானத்தில் ஏற்றினார்கள். பொழுது விடிவதற்குள் ஊர் ஏறக்குறையக் காலி. அந்த இரவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. அதே வேளையில் ஐஸ்லாந்தின் கடலோரக் காவல்படை, தன் மீன்பிடி எல்லைக்குள் வலையை இழுத்து மீன் பிடித்த பிரிட்டிஷ் இழுவைக் கப்பல்களைத் துரத்திக்கொண்டிருந்தது. எரிமலை வெடித்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு மக்களைக் காப்பாற்ற ஓட வேண்டியதாயிற்று. கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில கப்பல்கள்தான் அவர்களிடம் இருந்தன. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் எப்படி நிற்பது?

ஊரைக் காலி செய்தாகிவிட்டது, உயிருக்குச் சேதமில்லை, தீவை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் இருநூறு, முந்நூறு பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கூரைமேல் விழும் சாம்பலை மண்வெட்டியால் தள்ளினார்கள். தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் வீடு உட்கார்ந்துவிடும். கிழக்கே பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் தகரத்தை அறைந்தார்கள், பறந்து வரும் நெருப்புக் கல் கண்ணாடியை உடைத்து உள்ளே விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும் என்பதற்காக. வீடுகளில் இருந்த குளிர்பதனப் பெட்டி, கட்டில், புகைப்படங்கள் என்று முடிந்ததையெல்லாம் கப்பலேற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். பள்ளமான இடங்களிலும் நிலவறைகளிலும் நச்சு வாயு தேங்கியது. அதில் சிக்கி ஒருவர் இறந்தார். அந்த எரிமலை கொண்டுபோன ஒரே உயிர் அதுதான்.

சாம்பலைவிடப் பெரிய ஆபத்து லாவா என்ற எரிகுழம்பு. அது வடக்கே நகர்ந்து துறைமுகத்தின் வாயை அடைத்துக்கொண்டு வந்தது. வீடு போனால் வேறு வீடு கட்டலாம். துறைமுகம் போனால் அந்த ஊர் திரும்ப எழும்பக் காரணமே இருக்காது. அந்த நேரத்தில் தோர்ப்யோர்ன் சிகுர்கெய்ர்ஸன் என்ற இயற்பியல் பேராசிரியர் ஒரு யோசனையை முன்வைத்தார்: கடல் நீரை இறைத்து லாவாவைக் குளிர வைப்போம். அண்டையிலுள்ள சுர்ட்ஸே தீவு 1963 முதல் 1967 வரை கடலிலிருந்து எழும்பியபோது அதைக் கவனித்தவர் அவர். பலருக்கு அது நம்பத்தக்கதாகவே படவில்லை. ஆயிரம் டிகிரி வெப்பத்தில் வரும் குழம்பின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி என்ன ஆகப் போகிறது?

அதன் சூட்சுமம் இதுதான். லாவா ஓடும்போது மேல்தோல் மட்டும் இறுகியிருக்கும், உள்ளே குழம்பு நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே ஊற்றும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தோல் வெடிக்கிறது, வெடிப்பு வழியாக நீர் இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது, அங்கேயும் குழம்பு உறைகிறது. ஒரு கன மீட்டர் நீர் சுமார் 0.7 கன மீட்டர் குழம்பை உறைய வைக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இப்படி முன்பக்கம் உறைந்து தடித்துச் சுவராகிவிட்டால், பின்னால் வருவது அதில் மோதி மேலே அடுக்கிக்கொள்ளும் அல்லது வேறு பக்கம் திரும்பும். ஆக, லாவாவைக் கொண்டே லாவாவுக்கு அணை கட்டுகிறோம்.

பிப்ரவரி தொடக்கத்தில் தீயணைப்புக் குழாய்களோடு சிறிய அளவில் ஆரம்பித்தார்கள். அதே மாதம் எரிமலை வாயின் ஒரு பெரும் துண்டு உடைந்து, லாவாவின்மேல் மிதந்தபடி துறைமுகத்தை நோக்கி நகரத் தொடங்கியது. மலை நடந்து வருவது போல. ஊரார் அதற்கு 'ஃப்லக்காரின்', நாடோடி, என்று பெயர் வைத்தார்கள். மார்ச் முதல் தேதி சான்டே என்ற தூர்வாரும் கப்பல் வந்து சேர்ந்தது. வினாடிக்கு 400 லிட்டர் நீரை அதனால் பாய்ச்ச முடிந்தது. நாடோடி இரண்டாக உடைந்து, துறைமுக வாய்க்குச் சுமார் 100 மீட்டர் தூரத்தில் நின்றுவிட்டது.

மார்ச் கடைசியில் லாவா ஊருக்குள் பாய்ந்து தெருக்களை விழுங்கியது. மின் நிலையம் போனது. மீன் பதனிடும் ஆலை ஒன்றும் போனது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள் வந்தன. மொத்தம் 43 பம்புகள், 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்கள். அந்தக் குழாய்களை எங்கே போட்டார்கள் தெரியுமா? நகரும் லாவாவின் முதுகிலேயே. புல்டோசர் முன்னால் போய்ச் சூடான பாறைமேல் பாதை போடும், பின்னால் ஆட்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நீராவியில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது, காலணி கருகும். அந்தக் குழுவுக்குத் 'தற்கொலைப் படை' என்றே பெயர் விழுந்தது. பல குழாய்கள் வெறும் பிளாஸ்டிக். உள்ளே குளிர்ந்த கடல் நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது உருகாது, பம்பு நின்றால் போச்சு. அதனால் அந்தப் பம்புகளை இரவு பகலாக ஓட்டினார்கள். மொத்தத்தில் 60 லட்சம் டன்னுக்கு மேல் கடல் நீரை இறைத்தார்கள்.

துறைமுகத்தைக் காப்பாற்றியது தண்ணீர்தானா, எரிமலை தானாகவே தளர்ந்ததா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. என் கருத்து, இரண்டும் சேர்ந்ததுதான். எரிமலை நாளுக்கு நாள் பலமிழந்து வந்தது உண்மை. ஆனால் மார்ச் மாதத்தில் எஞ்சியிருந்த இடைவெளி மிகக் குறைவு, அந்தச் சில வாரங்களை வாங்கிக் கொடுத்தது பம்புகளே. ஜூலை 3 அன்று வெடிப்பு முடிந்ததாக அறிவித்தார்கள். சுமார் 400 வீடுகள் லாவாவுக்கும் சாம்பலுக்கும் அடியில் போயிருந்தன. புல்வெளி இருந்த இடத்தில் 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த புது மலை நின்றது. அதற்கு எல்ட்ஃபெல், அதாவது தீமலை, என்று பெயர். தீவின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்கு மேல் கூடியது. துறைமுகத்துக்கு என்ன ஆயிற்று என்றால், வாய் குறுகியது, வாயருகே நின்றுபோன லாவா அலைதடுப்புச் சுவராக மாறியது. முன்பைவிட அடக்கமான, பாதுகாப்பான துறைமுகம் கிடைத்தது.

வீடிழந்தவர்களை நாடு தாங்கிக்கொண்டது. நாடாளுமன்றம் பேரிடர் நிதி ஒன்றை உருவாக்கி, விற்பனை வரியை இரண்டு புள்ளி கூட்டியது. எரிமலையைக் கண்ணால் பார்க்காத வடகரை மீனவரும் கடையில் ரொட்டி வாங்கும்போது வெஸ்ட்மன்னாவுக்குக் காசு கொடுத்தார் என்று அர்த்தம். மற்ற நார்டிக் நாடுகளிலிருந்து மரவீடுகள் கப்பலில் வந்தன. அந்தக் கோடையில் தீவுப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் நார்வே தன் குடும்பங்களுக்கு அழைத்து வைத்துக்கொண்டது.

இனி கடலுக்கு வருகிறேன். 1972 செப்டம்பர் 1 அன்று ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 12 கடல் மைலிலிருந்து 50 கடல் மைலுக்கு நீட்டியது. மீன் வளம் குறைந்து வருகிறது, எங்கள் கடலைப் பெரிய அயல்நாட்டுக் கப்பல்கள் வழித்தெடுத்தால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது அவர்கள் வாதம். பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் ஏற்கவில்லை. ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. ஐஸ்லாந்து அங்கே போய் நிற்கவே மறுத்துவிட்டது.

பீரங்கியால் பிரிட்டனை எதிர்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் வேறோர் ஆயுதம் செய்தார்கள்: வடம் வெட்டி. இழுவை மடி, அதாவது பை போன்ற பெரிய வலை, போடும் கப்பலைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மடியைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போவது இரண்டு எஃகு வடங்கள். காவல்படைக் கப்பல், கூர்விளிம்பும் கொக்கியும் கொண்ட அந்த வெட்டியை நீருக்குள் விட்டுக்கொண்டு, இழுவைக் கப்பலின் பின்புறமாகக் குறுக்கே போகும். வடம் வெட்டியில் மாட்டும், அறுபடும். மடியும் அதிலிருந்த மீனும் கடலோடு போகும். ஆளுக்குக் காயமில்லை, கப்பலுக்குச் சேதமில்லை. ஆனால் மடி இல்லாத இழுவைக் கப்பலுக்கு அங்கே என்ன வேலை? முதன்முதலில் இதைப் பயன்படுத்தியது 1972 செப்டம்பரில் ஐகிர் என்ற ரோந்துக் கப்பல். எதிரே நின்ற பிரிட்டிஷ் இழுவைக் கப்பல் தன் பெயரையும் எண்ணையும் வண்ணம் பூசி மறைத்திருந்தது. யார் நீங்கள் என்று வானொலியில் கேட்டதற்கு, 'ரூல் பிரிட்டானியா' பாட்டை ஒலிபரப்பினார்கள்.

1973 வசந்தத்தில் மடிகள் அடுத்தடுத்து அறுபட்டன. பாதுகாப்பு தராவிட்டால் இனி அங்கே தொழில் செய்ய மாட்டோம் என்று பிரிட்டிஷ் கப்பல்கள் மே மாதம் எல்லையைவிட்டு வெளியேறின. மே 19 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 50 மைல் எல்லைக்குள் நுழைந்தன. ஹெய்மாயில் பம்புகள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன என்பதைச் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தலைநகர் ரெய்க்யவிக்கில் கூட்டம் திரண்டு பிரிட்டிஷ் தூதரக ஜன்னல்களைக் கல்லால் உடைத்தது. மே 26 அன்று, நிற்கச் சொல்லியும் நிற்காத எவர்ட்டன் என்ற இழுவைக் கப்பலை ஐகிர் சுட்டது. வெடிக்காத குண்டுகள்தான், ஆனால் கப்பலில் ஓட்டை விழுந்தது.

அதற்கு ஐந்து நாள் கழித்து, மே 31 அன்று, அமெரிக்க அதிபர் நிக்சனும் பிரெஞ்சு அதிபர் பொம்பிடுவும் ரெய்க்யவிக்கில் பேச்சு நடத்தினார்கள். கூட்டம் நடந்த இடம் க்யார்வல் என்ற ஓவியரின் பெயரில் இரண்டு மாதம் முன்புதான் திறந்த ஓவியக் கூடம். நேட்டோ ராணுவக் கூட்டணியின் ஓர் உறுப்பு நாட்டை இன்னோர் உறுப்பு நாட்டின் கடற்படை நெருக்கிக்கொண்டிருக்கும்போது இந்தச் சந்திப்பு. ஐஸ்லாந்திடம் ராணுவம் இல்லை. கெப்லவிக் விமானத் தளம் மட்டும் இருந்தது. சோவியத் நீர்மூழ்கிகளைக் கவனிக்க அமெரிக்காவுக்கு அந்தத் தளம் இன்றியமையாதது. நீங்கள் தலையிடாவிட்டால் அந்தத் தளத்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று ஐஸ்லாந்து சொன்னபோது வாஷிங்டனும் காது கொடுத்தது. சின்ன நாட்டின் கையிலிருந்த பெரிய துருப்புச் சீட்டு அது.

கோடை முழுக்கக் கப்பல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஆகஸ்ட் 29 அன்று ஐகிர் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலோடு மோதியது. இடிபட்ட பக்கத்தைப் பற்றவைத்துச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், கடல் நீர் உள்ளே புகுந்ததில் மின்சாரம் தாக்கி இறந்தார். பிரிட்டனோடு நடந்த இந்த மீன் போர்களில் உயிரிழந்த ஒரே ஐஸ்லாந்துக்காரர் அவர். எரிமலை கொண்டுபோனது ஒருவரை, கடல் கொண்டுபோனது ஒருவரை.

உறவையே முறித்துக்கொள்வோம் என்று செப்டம்பரில் ஐஸ்லாந்து எச்சரித்தது. பிரிட்டன் கப்பல்களை விலக்கிக்கொண்டது. ஐஸ்லாந்துப் பிரதமர் ஓலஃபுர் யோஹன்னஸ்ஸன் அக்டோபரில் லண்டன் போய் பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத்தைச் சந்தித்தார். நவம்பர் 8 அன்று ஒப்பந்தம் ஆனது: பிரிட்டிஷ் கப்பல்கள் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும், ஆண்டுக்கு 1,30,000 டன் மீன் பிடிக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்கு. அந்தக் காலம் முடியும் தறுவாயில், 1975-இல், ஐஸ்லாந்து எல்லையை 200 மைலாக்கியது. மறுபடி மோதல், 1976-இல் அதையும் பெற்றது. இதன் விலையை ஹல், கிரிம்ஸ்பி போன்ற ஆங்கிலேயத் துறைமுக ஊர்கள் கொடுத்தன. தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலை நம்பியிருந்த உழைப்பாளிக் குடும்பங்கள் தொழிலை இழந்தன. நான் ஐஸ்லாந்தின் பக்கம்தான், ஆனாலும் அந்த ஊர்களை மறந்து இந்தக் கதையைச் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

இதில் நம் பக்கத்துக் கடலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 1973 டிசம்பரில்தான் ஐ.நா.வின் மூன்றாவது கடல் சட்ட மாநாடு நியூயார்க்கில் தொடங்கியது. அதன் தலைவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. 200 மைல் பொருளாதார மண்டலம் என்ற கருத்து உலகச் சட்டமானது அந்த மாநாட்டின் வழியாகத்தான். இந்தியா 1976-இல் தன் 200 மைலை அறிவித்தது.

சிறிய செய்திகளும் அந்த ஆண்டில் உண்டு. ஒலியில் 's' போலவே ஒலித்த 'z' எழுத்தை ஐஸ்லாந்து அரசு 1973-இல் எழுத்து முறையிலிருந்து நீக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நிம்மதி, பெரிய நாளிதழ் ஒன்று மட்டும் பல ஆண்டுகள் விடாமல் எழுதிக்கொண்டிருந்தது. ஓடின், தோர் முதலிய பழைய தெய்வங்களை வணங்கும் ஆசாத்ரு சங்கத்தையும் அரசு அந்த ஆண்டே சமய அமைப்பாக ஏற்றுக்கொண்டது.

அக்டோபரில் உலகெங்கும் எண்ணெய் விலை எகிறியது. ஐஸ்லாந்தில் அப்போது ஏறத்தாழப் பாதி வீடுகள் எண்ணெய் எரித்துத்தான் குளிர் காய்ந்தன. அதற்குப் பிறகு பூமிக்கடி வெந்நீருக்கு நாடே வேகமாக மாறியது. ஹெய்மாயில் அதை இன்னும் நேரடியாகச் செய்தார்கள். ஊரை விழுங்கிய லாவா உள்ளே கனன்றுகொண்டுதானே இருக்கிறது? அதில் குழாய் இறக்கி, 1974-இல் முதல் வீட்டுக்கு வெப்பம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் ஊர் முழுக்க அந்த வெப்பத்தில்தான் குளிர்காலத்தைக் கழித்தது. அள்ளிய சாம்பலைக் கொட்டி விமான ஓடுபாதையை நீட்டினார்கள், புது வீடுகளுக்கு அடித்தளம் போட்டார்கள். 2024-இல் கிரிண்டாவிக் ஊருக்கு அருகே லாவா வந்தபோதும் தடுப்பணைமேல் நின்று அதே போல நீர் பாய்ச்சினார்கள்.

ஹெய்மாயின் கல்லறைத் தோட்டத்து வாயில் வளைவில் "நான் வாழ்கிறேன், நீங்களும் வாழ்வீர்கள்" என்று எழுதியிருக்கும். வெடிப்பின்போது எடுத்த படங்களில் கல்லறைகள் எதுவும் தெரியாது, கறுப்புச் சாம்பலுக்கு மேலே அந்த வளைவு மட்டும் நிற்கும். ஊருக்குத் திரும்பியவர்கள் அந்தச் சாம்பலைத் தோண்டி எடுத்துக் கல்லறைகளை மீட்டார்கள். இப்போதும் ஒவ்வொரு ஜூலைத் தொடக்கத்திலும் வெடிப்பு ஓய்ந்த நாளை ஊரே கூடிக் கொண்டாடுகிறது. எல்ட்ஃபெல்லின் மண்ணில் ஓரிடத்தில் ரை என்ற தானியத்தின் ரொட்டி மாவைப் புதைத்து வைத்தால், மறுநாள் வெந்து கிடைக்கும்.